மன்றம் ஏறிய ஆசிரியர் எம்.சி. இராசா

காஞ்சியைக் கோயில் நகர் என்பர். பட்டு நகர் என்றும் போற்றுவர். இவ்விரு பெருமைகளிலும் நம் முன்னோரின் உழைப்பு உண்டு. ஆனால் அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. அவர்கள் விளைவித்த நெல் கோயில் மடைப்பள்ளிக்குச் சென்றது. விளைவித்தவரோ வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்பினர். பட்டுச் சேலையின் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வைத் தறியில் ஓரத்து நாடாவை எறிவதற்கு அமர்த்தப்பெற்ற ஏழைச் சிறுவர் பலர், பள்ளியின் படியை மிதியாமலே வளர்ந்து முதிர்ந்தனர். இந்நிலையை மாற்றக் கல்வியே முதற்கருவி என்னும் நம்பிக்கையோடு தொடங்கப்பெற்ற நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்வேளையில், அதே நம்பிக்கையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஏந்தி நடந்த ஒரு பெருமகனாரை நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

அவர்தாம் இராவ் பகதூர் எம்.சி. இராசா. ஆசிரியர், பாடநூலாசிரியர், சட்டசபை உறுப்பினர், அமைச்சர் எனப் பல நிலைகளில் தொண்டாற்றியவர். சட்டசபைகள் எவ்வாறு இயங்குகின்றன, கட்சிகள் எவ்வாறு பேசுகின்றன, பேசியதை எவ்வாறு மறக்கின்றன என்பவற்றை நம்மவருள் முதன்முதலாக உள்ளிருந்தே ஆய்ந்தறிந்தவர். ஆயினும் 1932-ஆம் ஆண்டு அவர் எடுத்த ஒரு முடிவினால், நம் மேடைகளில் அவர் பெயர் நெடுங்காலம் குறைந்தே ஒலித்தது. அம்முடிவை மறைக்காமலும், அது ஒன்றைக் கொண்டே அவரை அளக்காமலும், அவர் வாழ்வை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

குடவோலையும் வாக்குரிமையும்

காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகளை நம் மாணவர் அனைவரும் பாடத்தில் படிக்கின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர் என்பது வரலாறு. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது என்னும் விதி, இன்றைய ஆட்சியாளரும் பின்பற்றத்தக்கது. இதில் நாம் பெருமை கொள்வது தகும்.

எனினும் அக்கல்வெட்டைச் சற்றுக் கூர்ந்து படிப்போமாக. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். மறை பயின்றிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதக்கல்வியில் சிறந்தவர்க்கு நில அளவில் சலுகை உண்டு. அது பிராமணர் ஊரின் சபை. நிலமற்றவர்க்கும், மறை ஓத விடப்படாதவர்க்கும், பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

ஆயிரம் ஆண்டுகள் சென்றபின், மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. அப்போதும் சொத்தும் வரியுமே வாக்குரிமையின் அளவுகோலாக இருந்தன. நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் வாக்காளராய் இருந்தோர் சுமார் பன்னிரண்டரை இலட்சம் பேரே. 1921-இல் சென்னைச் சட்டசபை, இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகப் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அது பாராட்டத்தக்க செயலே. ஆனால் அங்கும் சொத்துத் தகுதி நின்றது. கழனியில் நாற்று நட்ட நம் தாய்மார்க்கு அத்தீர்மானத்தினால் வாக்குச்சாவடி திறந்துவிடவில்லை. குடவோலைக் காலத்துக் கால் வேலி, வேறு உருவில் வாயிலில் நின்றதெனலாம்.

நிலமில்லாதவர் எப்படி மன்றம் புகுவது? புகுந்தபின் யாருக்காகப் பேசுவது? இவ்விரு வினாக்களே இராசாவின் பொதுவாழ்வை நடத்திச் சென்றன.

பிறப்பும் கல்வியும்

மயிலை சின்னத்தம்பி இராசா 1883-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பரங்கிமலையில் பிறந்தார். பரங்கிமலையும் காஞ்சியும் அன்று ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன; ஆதலின் அவரை நம் மாவட்டத்தவர் என்றே உரிமை கொண்டாடலாம். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பள்ளி மாணவர்க்கான பாடநூல்களையும் எழுதினார். பிற்காலத்தில் அவர் வகித்த எல்லாப் பதவிகளுக்கும் அடியில் இந்த ஆசிரியரே இருந்தார். எதையும் படித்து, கணக்கெடுத்து, வரிசைப்படுத்திச் சொல்லும் பழக்கம் அவருக்கு வகுப்பறையில் வந்ததே.

1916-இல் ஆதிதிராவிட மகாசன சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். இழிவு தோன்ற வழங்கிய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என்னும் பெயரை வழங்க வேண்டும் என்று அச்சபை 1918-இல் அரசுக்கு விண்ணப்பித்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தன் பெயருக்கருகே இழிசொல் எழுதப்படும் குழந்தையின் நெஞ்சை அறியாதவரே ஆவர்.

சென்னைச் சட்டசபையில்

1920-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அமைந்த சட்டசபையில் இராசா இடம்பெற்றார். உறுப்பினருள் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 98 பேர். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அனைவர்க்குமாக நியமன இடங்கள் ஐந்தே ஒதுக்கப்பட்டிருந்தன. நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. பிராமணரல்லாதார் அனைவர்க்கும் நீதி என்று அக்கட்சி முழங்கியதால், இராசாவும் அதனோடு இணைந்து பணியாற்றினார்.

1922-ஆம் ஆண்டு ஜனவரியில் பெயர் மாற்றத் தீர்மானம் சபையில் நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச்சு 25-இல் அரசாணையும் பிறந்தது. நாலாண்டுகளுக்கு முன் விண்ணப்பமாக இருந்தது அரசின் ஆணையாயிற்று. ஒரு சிறு கூட்டம் மன்றத்தின் உள்ளே இருப்பதனால் விளையும் நன்மைக்கு இது முதற்சான்று.

கட்சியின் நட்பு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கான சான்றும் அதே காலத்திலேயே கிடைத்தது. 1921-இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் கலகம் எழுந்தது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அரசு ஆதிதிராவிடர்க்கு மிகுதியாகச் சலுகை காட்டுவதே கலகத்துக்குக் காரணம் என்னும் பேச்சு, ஆளுங்கட்சியின் பக்கத்திலிருந்தே எழுந்தது. அச்சலுகை யாது? தொழிலாளர் ஆணையரின் துறை வழியாகச் சில மனையிடங்கள், சில கிணறுகள், லேபர் ஸ்கூல் என்று நம் பெரியோர் நாவில் வழங்கிய சில பள்ளிகள், அவ்வளவே. பிராமணரல்லாதார் என்னும் பெரிய குடையின் கீழும் தம் மக்கள் மழையில் நனைவதை இராசா கண்டார். 1923-இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார்.

ஆளுங்கட்சியை விட்டு விலகுவது எளிதன்று. நியமன உறுப்பினர்க்குத் தொகுதி இல்லை. பின்னால் வாக்காளர் கூட்டமும் இல்லை. அப்படியிருந்தும் கட்சியைவிட மக்களே பெரியர் என்று தேர்ந்தார். அதே சபைக்கு வந்த நம் மாவட்டத்தவரான இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எவரையும் தடுக்கலாகாது என்னும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து வெற்றி கண்டார். இவ்விருவரும் பின்னாளில் கருத்து வேறுபட்டனராயினும், மன்றத்தில் நம் குரலை நிலைநாட்டிய இரட்டைத் தூண்கள் எனலாம்.

நூலும் ஆய்வும்

1925-இல் இராசா ஆங்கிலத்தில் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். ஆதிதிராவிடரின் தொன்மை, அவர்கள் நிலை, கல்வி, சட்டசபையில் பெற வேண்டிய இடம் ஆகியவற்றை அந்நூல் எடுத்துரைத்தது. நம்மைப் பற்றிப் பாதிரிமாரும் அதிகாரிகளும் எழுதிவந்த காலத்தில், நம்மவர் ஒருவர் நம் நிலையைத் தாமே ஆய்ந்து ஆட்சியாளர் மொழியில் எழுதினார் என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு நவம்பரில்தான் நம் காஞ்சிமாநகரில் காங்கிரசின் தமிழ்நாட்டு மாகாண மாநாடு திரு.வி.க. தலைமையில் கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை, பெரியார் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். நீதிக்கட்சியை விட்டு இராசா வெளியேறியதும், காங்கிரசை விட்டுப் பெரியார் வெளியேறியதும் இரண்டாண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை. காரணம் ஒன்றே: எண்ணிக்கைக்கேற்ற இடம் தர எந்தக் கட்சிக்கும் மனம் எளிதில் வரவில்லை.

1926-இல் அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவராக இராசா தேர்வு பெற்றார். அண்ணல் அம்பேத்கர் துணைத்தலைவர்களுள் ஒருவராகத் தேர்வு பெற்றார். 1927-இல் மத்திய சட்டசபைக்கு ஒடுக்கப்பட்டோரின் சார்பில் நியமிக்கப்பெற்ற முதல் உறுப்பினரும் இராசாவே. சைமன் குழுவுடன் இணைந்து பணியாற்ற, சர் சி. சங்கரன் நாயர் தலைமையில் அமைந்த இந்திய மத்தியக் குழுவிலும் அவர் அங்கம் வகித்தார். நாட்டின் சட்டசபைகள் எவ்வாறு அமைய வேண்டும், யாருக்கு வாக்கு, யாருக்கு எத்தனை இடம் என்பவற்றை ஆராய்ந்த அவையில், பரங்கிமலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சமமாக அமர்ந்தார்.

1932: பிரிந்த வழிகள்

1930-இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அழைக்கப்பெற்றனர். இராசாவுக்கு அழைப்பில்லை. அவ்வருத்தம் அவர் முடிவுகளில் எவ்வளவு கலந்திருந்தது என்று அளக்க நாம் முற்படவில்லை.

முதலில் தனித்தொகுதியை ஆதரித்துவந்த இராசா, 1932-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கூட்டுத் தொகுதி, அதில் ஒதுக்கப்பட்ட இடங்கள், இதுவே அதன் சாரம். சிதறி வாழும் சிறுபான்மையினர் தனியே வாக்களித்தால், பெரும்பான்மையினரின் வேட்பாளர் நம்மிடம் வந்து வாக்குக் கேட்க வேண்டிய தேவையே இராது என்பது கூட்டுத்தொகுதிக்குச் சொல்லப்பட்ட நியாயம். பிறருடைய வாக்கினால் வெல்பவர் பிறருக்கே கட்டுப்படுவார் என்பது அம்பேத்கரின் வாதம். இரண்டும் தேர்ந்த அறிவினின்று எழுந்த வாதங்களே. ஆயினும் அண்ணல் தனித்தொகுதிக்காக வாதாடிவந்த நேரத்தில் இவ்வொப்பந்தம் எதிரணியினர்க்கு ஆயுதமாகப் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகஸ்டு மாதம் வெளிவந்த வகுப்புத் தீர்ப்பு தனித்தொகுதியை வழங்கியது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், சீனிவாசனார், இராசா மூவரும் அதில் கையொப்பமிட்டனர். மாகாணச் சட்டசபைகளில் நம் இடங்கள் 71-இலிருந்து 148 ஆயின. சென்னையில் 18-இலிருந்து 30 ஆயின. நம் வாக்காளர் முதலில் நால்வரைத் தெரிவு செய்வர். அந்நால்வருள் ஒருவரைப் பொதுவாக்காளர் அனைவரும் சேர்ந்து தேர்வர். எண்ணிக்கை இரட்டித்தது, தேர்வின் கடைசிச் சொல் மட்டும் பிறர் கைக்குச் சென்றது.

ஆலயக் கதவும் கட்சிக் கட்டுப்பாடும்

ஒப்பந்தத்தின்போது உயர்சாதித் தலைவர்கள் அளித்த உறுதிமொழிகளை இராசா முழுமனத்தோடு நம்பினார். அந்நம்பிக்கைக்கு இரு சோதனைகள் வந்தன.

முதலாவது, தில்லியில் நிகழ்ந்தது. சி.எஸ். இரங்க ஐயர் மத்திய சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதாவைக் கொணர்ந்தார். இராசா அதை வலிவாக ஆதரித்தார். சட்டசபைத் தேர்தல் நெருங்கியதும் காங்கிரசின் ஆதரவு தளர்ந்தது. 1934 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஆலயக் கதவைவிட வாக்குப்பெட்டி முக்கியமாகிவிட்டதை இராசா அச்சபையிலேயே எடுத்துக்கூறி வருந்தினார்.

இரண்டாவது, சென்னையில் நிகழ்ந்தது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை அறுபது இலட்சமளவுக்கு உயர்ந்திருந்தது. 215 இடங்களுள் காங்கிரசு 159 இடங்களை வென்றது. நமக்கு ஒதுக்கப்பட்ட 30 இடங்களுள் 26 அக்கட்சியின் வசமாயின. பெண்களுக்கென எட்டு இடங்கள் ஒதுக்கப்பெற்றதும் அத்தேர்தலிலேதான். காங்கிரசு ஆட்சியேற்கத் தயங்கிய இடைக்காலத்தில், கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடுவின் அமைச்சரவையில், 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை இராசா வளர்ச்சித்துறை அமைச்சராக இருந்தார்.

பின்னர் இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில், 1938-இல் இரு மசோதாக்களை இராசா முன்வைத்தார். குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் மசோதா சட்டமாயிற்று. பொதுச் சாலை, பொதுக் கிணறு முதலிய பொதுவிடங்களில் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என அச்சட்டம் விதித்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன்பே நமக்குக் கிடைத்த கேடயம் அது.

மற்றது ஆலயப் பிரவேச மசோதா. முதலமைச்சரின் இசைவைப் பெற்றே அதைக் கொணர்ந்ததாக இராசா எண்ணியிருந்தார். ஆனால் மசோதா சபையின் முன் வந்தபோது முதலமைச்சரே அதனை எதிர்த்தார். மலபார் மாவட்டத்துக்கு மட்டுமான ஒரு சட்டத்தை அரசு கொண்டுவரும் எனக் கூறி, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டார். இராசா இணங்கவில்லை. மசோதா தோற்றது.

இத்தோல்வியில் நாம் கருதிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அவையில் நம்மவர் முப்பது பேர் இருந்தனர். 1920-இல் ஐவர்க்கே இடமிருந்ததை நினைத்தால் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆளுங்கட்சியின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். கட்சி ஒரு பக்கம் நிற்க, தம் மக்கள் மறுபக்கம் நின்றபோது, இருக்கை இருந்தும் நாவுக்கு விடுதலை இல்லை. அம்பேத்கர் ஆறாண்டுகளுக்கு முன் அஞ்சியது இதுவே. கூட்டுத்தொகுதியை விரும்பி ஏற்ற இராசாவே, அதன் விளைவைத் தம் மசோதாவின் தோல்வியில் கண்டார். காந்தியடிகளுக்கும் கடிதங்கள் எழுதினார். முதலமைச்சரை நம்பியிருக்குமாறு பதில் வந்தது. நம்பிக்கை அத்துடன் உடைந்தது.

1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் நுழைந்தனர். அதனையொட்டிச் சட்டமும் வந்தது. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் பிறந்தது. வரதராசப் பெருமாள், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் கோயில்களின் வாயில்கள் சட்டப்படி நமக்குத் திறந்தது அதன் பயனே. 1938-இல் தோற்ற மசோதாவின் ஆசிரியரை அவ்வாயில்களில் நுழையும்போது எத்தனை பேர் நினைக்கின்றோம்?

இறுதி ஆண்டுகள்

தம் வழி தவறியதென அறிந்தபின் அதிலேயே பிடிவாதமாய் நிற்கும் தலைவர் பலர். இராசா அவ்வாறல்லர். 1942 மார்ச்சு இறுதியில் சர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ் தில்லிக்கு வந்தபோது, அவரை அம்பேத்கரும் இராசாவும் சந்தித்தனர். கிரிப்ஸ் திட்டத்தில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தக்க பாதுகாப்பு இல்லை என்று இருவரும் கூட்டாக எடுத்துரைத்தனர். பத்தாண்டுப் பிரிவு அங்கு முடிந்தது. தாம் மாறுபட்டு நின்றவரோடு, தம்மினும் இளையவரோடு, மீண்டும் தோள் சேர்வதற்கு உள்ளத்தில் பெருமை வேண்டும்.

அவ்வாண்டு ஜூலையில் நாகபுரியில் அட்டவணைச் சாதியினர் கூட்டமைப்பு தோன்றியது. சென்னைச் சட்டக்கல்லூரிப் பேராசிரியராயிருந்த என். சிவராசு அதன் தலைவரானார். 1944-இல் சென்னையில் அக்கூட்டமைப்பின் மகளிர் மாநாட்டுக்கு அன்னை மீனாம்பாள் தலைமை வகித்தார். நம் பெண்கள் வாக்குச்சாவடியின் வெளியே நின்ற 1921-ஐயும் இம்மாநாட்டையும் சேர்த்து நோக்கினால், கடந்த தூரம் விளங்கும். அம்மாநாட்டைக் காண இராசா இல்லை. 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாம் கொள்ளும் பாடம்

சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதி உள்ளது. சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறை மாணவர் எத்தனையோ பேருக்கு அவ்விடுதியே சென்னையில் வீடாக இருந்தது. ஆசிரியராய்த் தொடங்கிய ஒருவர்க்குக் கற்சிலையினும் தக்க நினைவுச் சின்னம் அதுவே.

நம் சங்கத்துப் பிள்ளைகள் ஊராட்சி மன்றம் முதல் நாடாளுமன்றம் வரை செல்ல வேண்டும். நம் பெண்மக்களும் அங்கே அமர வேண்டும். இன்று வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குண்டு. கால் வேலி நிலம் கேட்பாரில்லை. ஒதுக்கீட்டு இடங்களும் அரசியலமைப்பின் காப்பில் உள்ளன. ஆயினும் 1938-இல் எழுந்த வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. கட்சி ஒன்று சொல்ல, மக்களின் நலம் வேறொன்றை வேண்டும்போது, இருக்கையில் அமர்ந்தவர் என் செய்வார்?

1923-இல் இராசா கட்சியைத் துறந்தார். 1932-இல் நம்பத்தகாதவரை நம்பினார். 1938-இல் திரும்பப் பெற மறுத்துத் தோற்றார். 1942-இல் தம்மைத் திருத்திக்கொண்டார். இந்நான்கையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். தவறாத தலைவரைத் தேடுவோர் எவரையும் காணார். தவறியும் தம் மக்களை விட்டு அகலாத தலைவரைக் கண்டு போற்றுவோர், தாமும் அவ்வழி நிற்பர்.

இருக்கையைப் பெற்றுத் தரச் சட்டம் போதும். அவ்விருக்கையில் எழுந்து நின்று மறுத்துரைக்கும் துணிவைக் கல்வி தர வேண்டும். அத்துணிவை வளர்ப்பதே நம் சங்கத்தின் அடுத்த கால்நூற்றாண்டுப் பணியாகுக.

வாழ்க எம்.சி. இராசா புகழ்!